போதகரம்மாவின் பக்கத்து இடம்

"அத்தை, சர்ச்சுல நீங்க என்னைக்காவது மாமா பக்கத்துல உக்காந்திருக்கீங்களா?"

"ரெண்டு தடவை."

மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்ட மருமகளுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. செருப்பு கடிச்சதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் ஞாபகமில்லை."

"இன்னொரு தடவை?"

"அவரைப் பெட்டியில வெச்சிருந்தாங்களே, அன்னிக்கு. முன் பெஞ்சுல நான், கையை நீட்டினா தொடுற தூரத்துல அவர். அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு பிரசங்கம் கேட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு. அவருக்கும் பிடிச்சிருக்கும், நீளம் கம்மி."

சொல்லிவிட்டு மாமியார் சிரித்தார். மருமகளும் சிரித்தாள். மாமனார் ஒரு போதகர். அவர் மகனும் போதகர். போதகர் வீட்டுப் பெண்களுக்கு இப்படியொரு சிரிப்பு உண்டு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி படுத்த பிறகுதான் சிரிப்பு அடங்கி, சொன்ன விஷயம் மெல்ல உள்ளே இறங்கியது. அவரைப் பெட்டிக்குள் வைத்த அன்றைக்கு! தனக்கும் அப்படித்தானா?

அன்றிலிருந்து அவளிடம் ஒரு விண்ணப்பம் இருந்தது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, உயிரும் உடம்புமாக, புருஷன் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதைக் கடவுளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். புருஷனிடம் சொன்னதில்லை.

ஊரில் மற்றப் பெண்களெல்லாம் சர்வசாதாரணமாகச் செய்கிற காரியம் இது. மூன்றாவது வரிசையில் சலவைக்கடை அம்மாவின் வீட்டுக்காரர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிழுவார். அந்த அம்மா முழங்கையால் ஓர் இடி கொடுப்பாள். அவர் திடுக்கிட்டு விழித்து, என்ன ஏதென்று தெரியாமல் "ஆமென்" என்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் போதகரம்மாவுக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். இடிப்பதற்குக்கூட ஓர் ஆள் பக்கத்தில் வேண்டுமே.

அவளுடைய இடம் சுவரோரமாக இரண்டாவது பெஞ்சு. பக்கத்தில் மகள் உட்காருவாள். மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதிலிருந்து அந்த இடத்தில் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. பெஞ்சு நிரம்பி வழிகிற பண்டிகை நாளில்கூட, போதகரம்மா பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்காருவதா என்று யாரும் அங்கே வருவதில்லை. மரியாதைதான். ஆனால் மரியாதை பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடாது.

லீவு போட்டு வெளியூருக்குப் போனால் சேர்ந்து உட்காரலாமே என்று கேட்கலாம். போனார்கள். போன இடத்து ஆலயத்தில் நுழைந்து, பெஞ்சில் உட்கார்ந்து, அவள் புடவையைச் சரிசெய்வதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். "ஐயா, நீங்க வந்திருக்கறப்போ நாங்க பேசினா நல்லாவா இருக்கும்? ரெண்டே வார்த்தை." அந்த ரெண்டே வார்த்தை முக்கால் மணி நேரம் நடக்கும். மகள் கல்யாணத்தைக்கூட அவர்தான் நடத்திவைத்தார். பெண்ணைப் பெற்றவள் முன்பெஞ்சில் தனியாக உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அந்த மகள்தான் சமீபத்தில் ஒரு நாள் போனில் ஒன்று சொன்னாள். "அம்மா, உங்க மாப்பிள்ளைக்குப் பாட்டே வராதும்மா. ஒரே பாட்டுப் புத்தகத்தை ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம், அவர் எங்கேயோ போறார், நான் எங்கேயோ போறேன். முன்னாடி நிக்கிற ஆள் திரும்பித் திரும்பிப் பாக்கறார்."

"நீ மெதுவாப் பாட வேண்டியதுதானே?"

"அவர் சத்தமாப் பாடறதுதாம்மா பிரச்சினை."

போனை வைத்த பிறகு போதகரம்மா வெகுநேரம் அடுப்படியில் நின்றாள். கணவர் எப்படிப் பாடுவார் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். மைக்கில் கேட்டிருக்கிறாள். காதோரம் கேட்டதில்லை.

கேட்டுவிட வேண்டியதுதானே, இதிலென்ன கஷ்டம்? கஷ்டம் இருந்தது. பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்றால், அந்த ஞாயிறு பிரசங்கம் செய்யாதீர்கள் என்று அர்த்தம். அதை அவரிடம் சொல்வதும், இதயத்தைக் கழற்றி ஒரு வாரம் அலமாரியில் வையுங்கள் என்பதும் ஒன்றுதான். அவருடைய அப்பா காய்ச்சலோடு பிரசங்கம் செய்தவர். தம்பியை அடக்கம் செய்த மறுநாளும் செய்தவர். "ஒரு வாரம் விட்டா அடுத்த வாரம் வாய் வராது" என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. போதாததற்கு இவருக்கு ஒரு கனவு வேறு. மேடையில் ஏறி நிற்கிறார், சபை நிமிர்ந்து பார்க்கிறது, கையிலிருக்கும் தாளில் ஒன்றும் இல்லை. மாதத்துக்கு ஒரு தரமாவது வந்துவிடும். காலையில் காபி குடிக்கும்போது முகத்தைப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள், "மறுபடியும் வெள்ளைத்தாளா?" அவர் தலையை ஆட்டுவார்.

ஒரு தடவை கிட்டே போனாள். பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தைய நாள், அவருக்கு ஜலதோஷம் பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. "நாளைக்கு வேற யாரையாவது பேசச் சொல்லலாமா?" என்றாள். வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார். அத்துடன் வாயை மூடிக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவர் கடுமையான மனிதரில்லை. வாரத்துக்கு ஒரு பிரசங்கம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அரை மணி நேர வேலை. வீட்டுக்குள் அது ஏழு நாள் வேலை. திங்களன்று அந்த வாரத்து வேதப்பகுதியை வாசிப்பார். செவ்வாயும் புதனும் அதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே திரிவார், உப்புக்குப் பதிலாகச் சர்க்கரை எடுப்பார். வியாழன் வந்தால் "ஒண்ணும் வரலை" என்பார். வெள்ளி மாலை முதல் வரி வரும். அதற்குள் வீட்டிலிருப்பவர்களுக்கு உயிர் போய்த் திரும்பியிருக்கும்.

வருடத்துக்குள்ளேயும் நல்ல காலம் கெட்ட காலம் உண்டு. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவர் அவ்வளவாகத் தவிப்பதில்லை. "பண்டிகை ஞாயிறை ஜனங்களே தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க. நான் கூட நடந்தாப் போதும்" என்பார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் மெலிவார், ஆனால் அது அழகான மெலிவு. அவரைப் பாடாய்ப் படுத்துவது பெந்தெகொஸ்தேக்குப் பிறகு வருகிற அந்த நீண்ட பச்சைக் காலம்தான். பலிபீடத்தில் பச்சைத் துணி விரித்தால் மாதக்கணக்கில் மாறாது. பண்டிகை கிடையாது, விசேஷம் கிடையாது, ஒன்றன்பின் ஒன்றாக வெறும் ஞாயிறுகள். "சாதாரண ஞாயிறுதான் ஆளைக் கொல்லுது. ஒண்ணுமே நடக்காத வாரத்துல, ஒண்ணுமே நடக்காத ஜனங்களுக்கு என்ன சொல்றது?" என்று புலம்புவார். அவளுக்கு என்னவோ அந்த ஞாயிறுகளில்தான் அவர் நன்றாகப் பேசுவதாகத் தோன்றும். சொன்னால் நம்பமாட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, மூக்கின் மேல் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. சனிக்கிழமை கடை மூடி வீட்டுக்கு வந்ததும் அவருடைய வெள்ளை அங்கியை இஸ்திரி போட நிற்பாள். அவர் எதிரே நின்று பிரசங்கத்தைச் சொல்லிப் பார்ப்பார். அவள் முகத்தைப் பார்க்கமாட்டார், இஸ்திரிப் பெட்டியைப் பார்ப்பார். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் அந்த இடம் சுமார். பெட்டி நின்றால் அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது. கடைசியில் தீர்ப்பு ஒன்று கேட்பார்.

"எப்படி?"

"முதல்ல போட்ட கண்ணாடியே தெளிவா இருந்துச்சு. அப்புறம் நீங்க மாத்தி மாத்திப் போட்டுக் குழப்பிட்டீங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் நடுப்பகுதியை வெட்டுவார். ஊர் கேட்பது அந்த வெட்டிய பிரசங்கத்தைத்தான். வெட்டாத பிரசங்கத்தைக் கேட்ட ஒரே ஆத்மா அவள்.

இப்படி இருக்கையில்தான் புதுத் திருச்சபை ஆண்டு பிறந்தது. உலகத்துக்கெல்லாம் ஜனவரியில் வருடம் பிறந்தால், ஆலயத்துக்குக் கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு முன்னதாகவே பிறந்துவிடும். பச்சைத் துணி போய் ஊதாத் துணி வரும். போதகர் வீட்டில் கூடவே இன்னொன்றும் மாறும். ஞாயிறுதோறும் வாசிக்க வேண்டிய வேதப்பகுதிகள் மூன்று வருடச் சுற்றாக வரும். முதல் வருடத்துப் பகுதிகள் நாலாவது வருடம் திரும்பவும் வரும். ஆகவே அவர் தம் பழைய பிரசங்கங்களை மூன்று அட்டைப்பெட்டிகளில் பிரித்து வைத்திருந்தார். முதல் வருடம் நீலப்பெட்டி, இரண்டாவது பழுப்பு, மூன்றாவது பச்சை. புது வருடம் பிறக்கும்போது, போன தடவை என்ன சொன்னோம் என்று பார்த்துவிட்டு, அதையே திருப்பிச் சொல்லாமலிருக்க ஒரு வழி. அவருக்குத் தோள்பட்டையில் பிடிப்பு, கை மேலே எழும்பாது. பெட்டியை இறக்கித் தருவது எப்போதும் அவள்தான்.

இந்தத் தடவை பச்சை முடிந்து நீலம் வர வேண்டிய முறை. ஆனால் மழைக்காலத்துக்கு முன்னால் அவருடைய அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பெயின்டர் பெட்டிகளையெல்லாம் கீழே இறக்கி, பிறகு தனக்குத் தோன்றியபடி மேலே ஏற்றிவிட்டுப் போயிருந்தார். பச்சைக்குப் பிறகு இடது ஓரத்துப் பெட்டி என்பது அவள் கைக்குப் பழகின கணக்கு. மகளோடு போன் பேசிக்கொண்டே ஸ்டூலில் ஏறினாள், இடது ஓரத்துப் பெட்டியை எடுத்தாள், புருஷன் கையில் கொடுத்தாள்.

அவர் ஒரு கணம் பார்த்தார். "பழுப்பா? நேத்துதான் பழுப்பு முடிஞ்ச மாதிரி இருக்கு."

"வருஷம் அப்படித்தானே ஓடுது," என்றாள் அவள்.

"அதுவும் சரிதான்," என்று அவரும் உட்கார்ந்துவிட்டார். புதுக் காலண்டர் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். காலண்டரைவிட மனைவியின் கையை அவர் நம்பினார்.

அந்த வாரத்துப் பிரசங்கம் அபூர்வமாக வந்தது. பழுப்புப் பெட்டி சொன்ன வேதப்பகுதியில் ஒரு வாசல்காவலாளி வருகிறான். எஜமான் ஊருக்குப் போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்று தெரியாது, காவலாளி தூங்காமல் இருக்க வேண்டும். அந்த ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டார் போதகர். காவலாளியின் நாற்காலி, அவன் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் போர்வை, வராத ஒருவருக்காகக் கதவைப் பார்த்தே இருப்பது எப்படிப்பட்ட அன்பு என்று எல்லாம் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் இஸ்திரிப் பெட்டி மூன்று இடத்தில் நின்றது. மூன்றாவது இடத்தில் நின்ற பெட்டி திரும்ப நகரவே இல்லை. அங்கியின் கையில் லேசாகப் பழுப்பேறிவிட்டது.

"எப்படி?" என்றார்.

"ஒண்ணும் வெட்ட வேணாம்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு தடவை அறைக்குள் நடந்துவிட்டு வந்தார். இப்போது கேட்டுவிடலாமா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. நாளைக்கு இவ்வளவு நல்ல பிரசங்கம் இருக்கையில் இன்றைக்கா கேட்பது என்று விழுங்கிவிட்டாள்.

மறுநாள் காலை ஆலயத்தில் ஊதாத் துணி விரித்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் வரை ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நாலு மெழுகுவர்த்தியில் முதலாவது எரிந்தது. அவள் இரண்டாவது பெஞ்சில், கைப்பை பக்கத்தில். வேதப்பகுதி வாசிப்பது அன்று பல் டாக்டரின் முறை. திறமையான டாக்டர், பல்லைப் பிடுங்குகிற மாதிரியே ஒவ்வொரு சொல்லாகச் சுத்தமாகப் பிடுங்கிப் பிடுங்கி வாசிப்பார். வாசித்தார். பெருவெள்ளம் வந்தது. வயலில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரே திரிகையில் அரைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி எடுத்துக்கொள்ளப்பட்டாள், ஒருத்தி விடப்பட்டாள். கடைசியில் ஒரு திருடன்கூட வந்தான். வாசல்காவலாளி மட்டும் வரவே இல்லை.

டாக்டர்தான் பக்கம் மாற்றி வாசிக்கிறார் என்று முதலில் நினைத்தாள். காலண்டரைப் பார்த்து ஆலய அலுவலகத்தில் அச்சிட்டுக் கொடுத்திருந்த ஆராதனைத் தாளைப் பார்த்தாள். முதல் வருடம் என்று போட்டிருந்தது. நீலம்! நிமிர்ந்து பார்த்தால், மேலே போதகரின் காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்தவளுக்கு அந்தக் காதுகளின் நிறம் தெரியும்.

அவர் மேடைக்கு ஏறினார். தாளை விரித்தார். சபை நிமிர்ந்து பார்த்தது.

கனவில் வருகிற அதே காட்சிதான். ஒரே வித்தியாசம், தாளில் எழுத்து இருந்தது. இருந்தும் பிரயோசனமில்லை. எப்படியாவது சமாளித்துவிடுங்கள், காவலாளியை அந்த வயலில் கொண்டுபோய் நிறுத்துங்கள் என்று உள்ளுக்குள் மன்றாடினாள். அவரால் அது முடியும், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் தாளை மெதுவாக மடித்தார்.

"நான் வேற பகுதிக்குப் படிச்சிட்டு வந்துட்டேன்," என்றார். "ரெண்டு வருஷம் கழிச்சு… இல்லை, அடுத்த வருஷம் வரவேண்டியதை இன்னிக்கே தயார் பண்ணிட்டேன்."

பல் டாக்டர் தன் வேதாகமத்தைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார்.

"இப்போ வாசிச்சாங்களே, இதைப் பத்திச் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லை. இது கஷ்டமான பகுதி வேற. பொய்யா எதையாவது ஒட்டிச் சொல்ல மனசு வரலை. உங்கள்ல யாருக்காவது ஏதாவது தோணிச்சுன்னா சொல்லுங்க. இல்லைன்னா கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்."

சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி, பக்கத்திலிருந்த தம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாடகர் குழுவில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. சபையின் பொருளாளர், எதற்கும் குறை சொல்லுகிறவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், மானம் போயிற்று என்று போதகரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் பேசியவர் வாசித்த பல் டாக்டரேதான். "உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு இந்தப் பகுதியே பிடிக்காது. ஒருத்தியை எடுத்துக்கிட்டு ஒருத்தியை விடறது என்ன நியாயம்? வீட்டுல வாசிச்சுப் பாக்கறப்பவும் கோபம்தான் வந்துச்சு." சொன்ன பிறகு தானே பயந்துபோனவராகச் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். போதகர் தலையை ஆட்டினார்.

பிறகு சலவைக்கடை அம்மா எழுந்தாள். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க கடையில துணி மடிக்கிற மேசை ஒண்ணு இருக்கு. பெரிய போர்வையெல்லாம் ரெண்டு பேர் எதிரெதிரா நின்னுதான் மடிக்கணும். நானும் என் நாத்தனாரும் மடிப்போம். அவ போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. இன்னும் நான் என் பக்கத்துலதான் நிக்கறேன். அந்தப் பக்கம் போய் நிக்க மனசு வர மாட்டேங்குது. அவ்வளவுதான். எனக்கு வேற தெரியாது." உட்காரப் போனவள் திரும்ப நிமிர்ந்தாள். "சண்டைதான் போடுவோம் எப்பவும். ஆனா அவ பக்கத்துல இருந்தாளே."

அவள் வீட்டுக்காரர் அன்று தூங்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகு ஆலயம் வெகுநேரம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் யாரும் எதற்காகவும் காத்திருக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று பேர் ஒவ்வொரு வார்த்தை சொன்னார்கள். போதகர் கடைசி வரை பேசவில்லை. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையூன்றி, ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். காதுகளின் சிவப்பு எப்போது வடிந்தது என்று போதகரம்மாவுக்குத் தெரியவில்லை. தன் கண்ணில் நீர் வடிவதே அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்குகிறபோது, வழக்கமான "நல்ல பிரசங்கம் ஐயா" ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் நின்று ஏதோ சொன்னார்கள். கூட்டம் நகரவே இல்லை. பொருளாளர் வந்தார்.

"ஐயா, மாசத்துக்கு ஒரு தடவை இந்த மாதிரி தப்புப் பண்ணுங்க," என்றார் பொருளாளர். "எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணு இருந்துச்சு. எழுந்திரிக்கத் தைரியம் வரலை."

வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. அவர் சாப்பாட்டைக் கொறிப்பார், ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுப்பார், சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் நினைத்து நினைத்துப் புரளுவார். நல்ல ஞாயிறுக்கே அந்தக் கதி. இன்றைக்கு என்னாகுமோ என்று அவள் துண்டை நனைத்துப் பிழிந்து தயாராக வைத்தாள்.

"எனக்குப் பசிக்குது," என்றார் அவர்.

"என்ன?"

"பசிக்குதும்மா. முட்டை இருந்தா ரெண்டு பொரி. ரொட்டி இருக்குல்ல?"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் முட்டையை உடைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, பிடிப்பு இருக்கிற தோளும் சேர்ந்து குலுங்க, கண்ணில் நீர் வருகிற சிரிப்பு.

"பழுப்பு!" என்றார். "வருஷம் அப்படித்தானே ஓடுதுன்னியே."

"நான்தான் எடுத்துக் குடுத்தேன். என் மேலதான் தப்பு. என்னைத் திட்டிடுங்க, மனசுல வெச்சுக்காதீங்க."

"நீ எடுத்துக் குடுத்தே. படிச்சவன் எவன்? இத்தனை வருஷம் பிரசங்கம் பண்றேன், பச்சைக்கு அப்புறம் பழுப்பு வராதுன்னு எனக்குத் தெரியாதா? இஸ்திரிப் பெட்டி வேற நின்னுடுச்சா, எனக்குத் தலை கால் புரியலை." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியுமா, நான் ஏறி நின்னப்போ நினைச்சேன். இதுதான் அந்தக் கனவு. இத்தனை வருஷமா என்னைத் துரத்தினது இன்னிக்குப் பிடிச்சுடுச்சுன்னு. அப்புறம் பாத்தா, பிடிச்சதும் அது ஒண்ணுமே பண்ணலை. நான் இறங்கி வந்து உக்காந்தேன். கூரை இடிஞ்சு விழலை."

"காது சிவந்துச்சு."

"அது எப்பவும் சிவக்கிறதுதான்."

முட்டையும் ரொட்டியும் தட்டில் போட்டு வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். அவர் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்துத் தன் தட்டிலிருந்ததையும் தள்ளிவிட்டாள். இதற்குள் மகளின் போன் வந்துவிட்டது. சேதி ஊர் தாண்டிப் போயிருந்தது.

"அம்மா, அப்பா உயிரோட இருக்காரா?"

"மூணாவது முட்டை கேக்கறார்."

"போனை அவர்கிட்ட குடு… அப்பா, என்னப்பா பண்ணி வெச்சீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலைம்மா," என்றார் போதகர், வாயில் ரொட்டியோடு. "முதல் தடவையா ஒண்ணுமே பண்ணலை. உக்காந்து கேட்டேன். அந்தச் சலவைக்கடை அம்மா பேசினாங்க பாரு, அந்தப் பகுதிக்கு இனி நான் ஆயுசு முழுக்க யோசிச்சாலும் அதுக்கு மேல சொல்ல முடியாது. கேக்கறது இவ்வளவு நல்லா இருக்கும்னு யாருமே எனக்குச் சொல்லலையே."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் போதகரம்மா தட்டைக் கழுவப் போகிற சாக்கில் எழுந்தாள். குழாயைத் திறந்தாள். பின்னால் அப்பாவும் மகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு போனை வைக்கிற சத்தம் கேட்டது, ஸ்டூல் நகர்ந்தது. வழக்கமாக அவர் புரண்டு படுத்திருக்கும் நேரத்தில், அடுப்படித் துணியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்று, கழுவிக் கொடுத்த தட்டைத் துடைத்தார். துடைக்கத் தெரியவில்லை. தண்ணீர் முழங்கை வழியாக வடிந்தது.

"காவலாளி பத்திரமா இருக்கான்," என்றார். "அடுத்த வருஷத்துக்கு ஒரு ஞாயிறு மிச்சம். வர்ற வாரத்துக்குத்தான் நீலப்பெட்டியை இறக்கணும். சாயங்காலம் எடுத்துக் குடுக்கறியா?"

அவள் குழாயை மூடினாள்.

பெட்டி இறங்கிவிட்டால் திங்கட்கிழமை வந்துவிடும், பிறகு செவ்வாய், புதன், உப்புக்குப் பதில் சர்க்கரை. அடுத்த மெழுகுவர்த்தி, அதற்கடுத்தது. கிறிஸ்துமஸ் வரும், லெந்து வரும், பச்சைத் துணி விரிப்பார்கள். அவள் இரண்டாவது பெஞ்சில் கைப்பையோடு உட்கார்ந்திருப்பாள். பெட்டிக்குள் வைக்கிற நாள் ஒன்று எங்கோ இருக்கிறது. அவருக்கோ, அவளுக்கோ. அது நிச்சயம். அதற்கு முன்னால் ஒரு நாள் வேண்டும்.

"எடுத்துத் தரேன்," என்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கணும். ரொம்ப வருஷமா கேக்கணும்னு இருந்தேன். நீங்க நடுவுல பேசக் கூடாது."

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சு வர்ற ஞாயிறு, பிரசங்கத்தை வேற யார்கிட்டயாவது விட்டுடுங்க. பல் டாக்டர் பேசட்டும், யாரும் கிடைக்கலைன்னா எல்லாரும் சும்மா உக்காந்திருக்கட்டும். வெளியூர் எங்கேயும் போக வேணாம், நம்ம சர்ச்சுலதான். அங்கி வேணாம், சாதாரண சட்டை போட்டுக்குங்க. ஆரம்பிக்கறதுலேருந்து முடியறவரைக்கும், எனக்குப் பக்கத்துல வந்து உக்காருங்க."